நகைப்பும் ஒப்புரவும்: ‘டோனி எர்ட்மன்’ திரைப்படத்தின் தந்தையும் மகளும்

முன்னுரை

பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையே ஏற்படும் பிரிவினை இருவகைப்படும். சண்டையினால் வருவது ஒன்று. சண்டை எதுவுமின்றி, ஆண்டுகள் செல்லச் செல்லப் பேசுவதற்குப் பொருளே இல்லாமற்போவதால் வருவது மற்றொன்று. முன்னதற்குக் காரணம் உண்டு. தொடங்கிய நாள் உண்டு. மன்னிப்புக் கேட்பதற்குரிய குற்றமும் உண்டு. பின்னதற்கோ இவை ஒன்றும் இல்லை. பிள்ளை உயர்பதவியில் இருக்கிறது. பெற்றோர் அதுபற்றிப் பெருமைப்படவும் செய்கின்றனர். ஆயினும் தொலைபேசியில் நலம் விசாரித்து முடித்தபின் இருபுறமும் மௌனம். குற்றத்தை அறிக்கையிடுதல், மன்னித்தல், ஒப்புரவாதல் என்று நாம் கற்பிக்கும் வரிசை, அறிக்கையிடுவதற்குக் குற்றமே தென்படாத இவ்விடத்தில் தொடங்க இயலாமல் நின்றுவிடுகிறது.

இத்தகைய பிரிவினையை நகைச்சுவையினால் கடக்கக் கூடுமா? இவ்வினாவை 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டோனி எர்ட்மன்’ என்னும் ஜெர்மானியத் திரைப்படம் பொறுமையுடன் ஆராய்கிறது. நகைப்பு எப்பொழுது புண்படுத்துகிறது, எப்பொழுது ஆற்றுகிறது என்பதை அப்படத்தின் துணைகொண்டு விளக்க முற்படுவோம். குடும்பங்களுக்கு ஆலோசனை கூறும் பொறுப்பிலுள்ளோர்க்கு இது பயன்படும் என நம்புகிறோம்.

1. படமும் கதையும்

மாரன் ஆடெ என்னும் பெண்மணி எழுதி இயக்கிய இப்படம் 162 நிமிடங்கள் ஓடுவது. 2016 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதன்முதல் காட்டப்பட்டது. அங்கு உலகத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் பரிசையும், அவ்வாண்டின் இறுதியில் சிறந்த படத்திற்கான ஐரோப்பியத் திரைப்பட விருதையும் பெற்றது. தந்தையாக ஆஸ்திரிய நடிகர் பீட்டர் சிமோனிஷெக்கும் (1946–2023), மகளாகச் சாண்ட்ரா ஹியூல்லரும் நடித்துள்ளனர்.

தந்தை வின்ஃபிரீட் ஓர் இசை ஆசிரியர், மணமுறிவு பெற்றவர், ஒரு முதிய நாயுடன் தனித்து வாழ்பவர். சட்டைப்பையில் எப்பொழுதும் ஒரு பொய்ப்பல் வரிசை இருக்கும். நேரங்கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டு எதிர்ப்படுவோரைத் திகைக்கவைப்பார். மகள் இனெஸ் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் நிர்வாக ஆலோசகராகப் பணிபுரிகிறாள். எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பராமரிப்பு வேலைகளை வெளியாருக்கு ஒப்பந்தத்தில் விடுமாறு பரிந்துரைப்பதே அவளது பொறுப்பு. அதாவது, பலருடைய வேலை பறிபோவதற்குக் காரணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதாகும். 2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த ருமேனியா, மேலைநாட்டு நிறுவனங்களுக்குப் பெருஞ்சந்தையாக மாறிய சூழலே கதையின் களம்.

நாய் இறந்தபின் தந்தை, முன்னறிவிப்பின்றி மகளின் ஊருக்கு வந்து சேர்கிறார். கதை இங்கிருந்தே சூடுபிடிக்கிறது.

2. கண்டனமாகிய நகைப்பு

தொடக்கத்தில் தந்தையின் வேடிக்கைகள் ஒன்றும் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அமெரிக்கத் தூதரக விருந்தொன்றில், மகள் மிகவும் மதிக்கவேண்டிய நிறுவனத் தலைவரிடம், தம் மகள் வீட்டிற்கு வருவதேயில்லை ஆதலால் வாடகைக்கு வேறொரு மகளை அமர்த்தியிருப்பதாக அவர் சொல்கிறார். கேட்போருக்கு அது வேடிக்கை. மகளுக்கோ பலர் முன்னிலையில் வாசிக்கப்பட்ட குற்றப்பத்திரிகை. பின்னொரு வேளையில், நீ உண்மையில் மனிதப் பிறவிதானா என்னும் பொருள்பட அவளையே கேட்டுவிடுகிறார். பாலாடைக்கட்டி துருவும் கருவி ஒன்றைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார். அயர்ந்து உறங்கும் மகளை எழுப்பாமல் விடுகிறார். அவள் முக்கியமான தொழில் அழைப்பு ஒன்றைத் தவறவிடுகிறாள். சினம் வெடிக்கிறது. அவர் ஊருக்குப் புறப்படுகிறார். மாடத்தில் நின்று அவர் செல்வதைக் காணும் மகள் அழுகிறாள்.

இங்கு நகைச்சுவை ஒரு முகமூடியே. அதன் உள்ளே இருப்பது கண்டனம். நேராகச் சொன்னால் மகள் மறுமொழி கூறுவாள். வேடிக்கையாகச் சொன்னாலோ அவள் மறுத்துப் பேசவும் இயலாது. பேசினால், நகைச்சுவை உணர்வற்றவள் என்னும் பழி வேறு வந்து சேரும். நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டு சிரிக்கும் சிரிப்பு யாரையும் அருகில் வரவழைப்பதில்லை. மேலும், தனிமையில் வாடுகின்றவர் தாமே என்பதைத் தந்தை இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மகளுக்கு மகிழ்ச்சியில்லை என்று காட்டுவதிலேயே முனைந்திருக்கிறார்.

3. மண்மனிதன்

சென்றவர் திரும்பி வருகிறார். ஆனால் தந்தையாக வரவில்லை. பொய்ம்முடியும் பொய்ப்பல்லும் அணிந்து, டோனி எர்ட்மன் என்னும் பெயருடைய வாழ்க்கை ஆலோசகராக, மகள் தன் தோழியரிடம் அவரைப்பற்றியே குறைகூறிக் கொண்டிருக்கும் மதுவிடுதியில் வந்து நிற்கிறார். அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. முதன்முறையாக இருவருக்கும் பொதுவான இரகசியம் ஒன்று பிறக்கிறது.

‘எர்ட்மன்’ என்னும் ஜெர்மானியப் பெயரை ‘மண்மனிதன்’ எனப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். எபிரெயம் கற்றோருக்கு ‘ஆதாம்’ என்னும் பெயருக்கும் மண்ணைக் குறிக்கும் ‘அதாமா’ என்னும் சொல்லுக்கும் உள்ள உறவு நினைவுக்கு வரும். இயக்குநர் இதனை எண்ணினாரோ இல்லையோ, பெயர் கதைக்குப் பொருந்துகிறது. தந்தை என்னும் உயரத்திலிருந்து அவர் மண்மட்டத்திற்கு இறங்கிவிட்டார். இப்பொழுது கேலிக்குரியவள் மகள் அல்லள்; அவரே. சிரிப்பவர்கள் அவரைக் கண்டே சிரிக்கின்றனர். இளைய குமாரனின் உவமையில் தகப்பன் தன் மதிப்பைக் கருதாமல் ஓடிவருகின்ற இடத்தை நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். முதியவர் தெருவில் ஓடுவது அக்காலத்தார் கண்ணுக்கு நகைப்பிற்குரிய காட்சியே. அன்பு சில வேளைகளில் நகைப்புக்கு இடமாகவும் இசைகிறது.

இதன் பயன் உடனே தோன்றுவதில்லை. ருமேனியக் குடும்பம் ஒன்றின் இல்லத்தில், உயிர்த்தெழுந்த திருநாளுக்காக முட்டைகளுக்கு வண்ணந்தீட்டும் வேளையில், தந்தை இசைப்பலகையை வாசித்து, மகளைப் பாடும்படி வற்புறுத்துகிறார். விட்னி ஹூஸ்டன் 1980களில் புகழ்பெறச் செய்த பாடல் அது. மகள் முதலில் வேண்டாவெறுப்புடன் தொடங்கி, முழுக்குரலெடுத்துப் பாடி முடித்து, ஒன்றும் பேசாமல் வெளியேறிவிடுகிறாள். தந்தை சொல்லித் திருத்த முடியாத ஒன்றைச் சேர்ந்து செய்த ஒரு செயல் தொட்டுவிட்டது.

4. நகைப்பின் விலை

படத்தின் மிகக் கடுமையான பகுதி எண்ணெய் வயலில் நிகழ்கிறது. பாதுகாப்பு விதியைக் கவனிக்காத தொழிலாளி ஒருவரிடம் தந்தை விளையாட்டாகப் பேச்சுக் கொடுக்கிறார். அது மேற்பார்வையாளரின் கவனத்தை அம்மனிதர்மேல் திருப்ப, அந்த இடத்திலேயே அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். தந்தை பதறிக் கெஞ்சியும் பயனில்லை. இப்பொழுது நீக்கப்படுபவர் ஒருவர் கூடினால், தான் பின்னர் நீக்கவேண்டியவர் ஒருவர் குறைவர் என்பது மகளின் கணக்கு.

இக்காட்சியை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. வேடிக்கை செய்தவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. பெயரும் அறியப்படாத வேறொருவருடைய உணவு போய்விட்டது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் செய்யும் கேலி, இழப்பதற்கு மிகுதியாக உள்ளவன்மேல் விழக்கூடும். நகைச்சுவையை அன்பின் கருவியாகப் போற்றுவோர், அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்கவும் கடமைப்பட்டவர்கள். மகளின் உலகம் எத்தகையது என்பதைத் தந்தை கண்கூடாக அறிவதும் இங்கேதான். அவளது இறுக்கத்தை இனி வெறும் குணக்கேடாக அவர் எண்ணமுடியாது.

5. பேச்சற்ற அணைப்பு

இறுதியில், மகளின் பிறந்தநாள் விருந்தன்று, தலைமுதல் கால்வரை அடர்ந்த உரோமம் மூடிய பெரும் உருவமொன்று வாயிலில் வந்து நிற்கிறது. அது பல்கேரிய நாட்டின் ‘குக்கெரி’ வேடம். குளிர்கால இறுதியில் தீய ஆவிகளை விரட்டுவதற்காக அந்நாட்டார் இவ்வேடம் புனைந்து, இடையில் மணிகள் கட்டி ஆடுவர். முகமும் தெரியாமல், பேச்சும் இல்லாமல் வந்த தந்தை, சிறிது நேரத்தில் வெளியேறுகிறார். மகள் பின்தொடர்ந்து சென்று, பூங்காவில் அவ்வுருவத்தைக் கட்டியணைத்து, அப்பா என்று அழைக்கிறாள். அறிவுரையும் கேலியும் அடங்கியபின் எஞ்சி நின்றது அருகிருத்தல் ஒன்றே. அதற்கே அவள் மறுமொழி தந்தாள்.

கதை இத்துடன் சுபமாக முடிந்துவிடவில்லை. சில மாதங்களுக்குப்பின் பாட்டியின் அடக்கத்தில் இருவரும் சந்திக்கின்றனர். மகள் தன் வாழ்க்கைமுறையை மாற்றிவிடவில்லை. சிங்கப்பூரில் வேறோர் ஆலோசனை நிறுவனத்தில் சேரப்போகிறாள். காரியங்களைச் செய்து முடிக்கும் அவசரத்திலேயே வாழ்நாள் கழிந்துவிடுகிறது என்றும், அவள் சிறுமியாயிருந்த தருணங்களின் அருமை தமக்குப் பிற்பாடே விளங்கியது என்றும் தந்தை சொல்கிறார். மகள் அவருடைய பொய்ப்பல்லை எடுத்துத் தன் வாயில் மாட்டிக்கொள்கிறாள். பாட்டியின் தொப்பியையும் அணிந்துகொள்கிறாள். அதைப் படம்பிடிக்க அவர் புகைப்படக் கருவியை எடுக்கச் செல்கிறார். அவள் தனியே நிற்கிறாள், பல்லைக் கழற்றுகிறாள். படம் முடிகிறது. கிடைத்த கணத்தைப் பிடித்துவைக்க ஓடியவர் அக்கணத்தையே தவறவிட்டார்.

முடிவுரை

நகைப்பினால் பழைய ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதில்லை. பிள்ளையின் தெரிவுகளும் மாறிவிடுவதில்லை. பெற்றோர் தம் தீர்ப்பைக் கைவிட்டுத் தம்மைத் தாழ்த்தும்பொழுது மட்டுமே நகைச்சுவை ஒரு வாயிலைத் திறக்கிறது. அவ்வாயிலில் நுழைவதும் நுழையாததும் பிள்ளையின் உரிமை. எனவே, பிரிந்த மகனையோ மகளையோ பற்றி முறையிட்டு நம்மிடம் வரும் பெற்றோரிடம் நாம் இரண்டு வினாக்களை எழுப்பலாம். உங்கள் வேடிக்கையில் யார் சிறுமைப்படுகிறார்? அதன் விலையை யார் செலுத்துகிறார்? இவ்விரண்டிற்கும் ‘நானே’ என்று விடை கூறக்கூடியவர், தம் பிள்ளையின் கதவைத் தட்டத் தகுதி பெற்றுவிட்டார்.