குழந்தைக்குக் கைத்தையல் பரிசு

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் பழமொழி. ஆடையைப் பரிசாக வழங்குவதும் நம்மவரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். எனினும், விலையுயர்ந்த பொருள் வாங்க இயலாமையால், 'வெறுங்கையோடு எவ்வாறு செல்வது?' என நாணி, குழந்தைக்குப் பெயர்சூட்டும் விழா அழைப்பையே தவிர்ப்போரும் நம்மிடையே உளர். பணத்தின் பொருட்டு உறவு குன்றுதல் நன்றன்று. வீட்டில் தைத்த ஒரு சிறு சட்டை அக்குறையைப் போக்க வல்லது.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயிலுக்குப் போர்வை ஈந்தான். மயில் அதனை உடுத்துமா என அவன் எண்ணவில்லை. அது கொடைமடம் எனப் போற்றப்பட்டது. நாமோ குழந்தைக்கு ஆடை வழங்குங்கால், அது பொருந்துமா என எண்ணியே வழங்குதல் வேண்டும். அவ்வாறு எண்ணத்தக்கவை மூன்று: துணி, அளவு, பாதுகாப்பு.

முதலாவது துணி. நம் நாட்டு வெப்பத்திற்குப் பருத்தியே ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டித் துணியை உடுத்திய நம் பாட்டிமார், பலமுறை துவைத்த துணியே மென்மையானது என்பதை நன்கு அறிந்திருந்தனர். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் உள்ள துணிக்கடைகளில் புதிய பருத்தித் துணி வாங்கலாம். கைக்குழந்தையின் சட்டைக்கு அரை மீட்டர் போதும். புதுத்துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்துதல் வேண்டும். இல்லையேல், தைத்தபின் துவைக்கும்போது ஆடை சுருங்கிவிடும்.

இரண்டாவது அளவு. குழந்தை விரைந்து வளரும். ஆதலின் சற்றுப் பெரிதாகவே வெட்டுக. தையலுக்கென நாற்புறமும் அரை அங்குலம் விடுக. பாவாடை, கவுன் ஆகியவற்றின் கீழ்விளிம்பில் இரண்டு அங்குலம் உள்மடித்துத் தைத்தால், பின்னர் அதனைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். ஓராண்டு ஆடை ஈராண்டு உதவும்.

மூன்றாவது பாதுகாப்பு. இதுவே தலையாயது. குழந்தை கைக்கெட்டியதை வாயிலிடும். பொத்தான் கழன்றால் தொண்டையில் அடைக்கும். ஆகவே, பொத்தானை இரட்டை நூலால் தைத்து, இழுத்துப் பார்த்தல் வேண்டும். கழுத்தில் இழுகயிறு வைத்தல் கூடாது. அத்தகைய கயிறுகள் சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்தமையால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996ஆம் ஆண்டில் அவற்றை நீக்குமாறு அறிவுறுத்தியது. தீபாவளி ஆடையில் மேலும் கவனம் தேவை. நைலான் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதே, ஆதலின் மத்தாப்புப் பிடிக்கும் பிள்ளைக்குத் தொங்கும் கையும் விரிந்த சரிகையும் வேண்டா.

தையல் இயந்திரம் இல்லையே எனச் சிலர் தயங்கலாம். எலியாஸ் ஹோவ் என்பார் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1846இல். ஐசக் சிங்கர் பெற்றது 1851இல். அவற்றிற்கு முன்னர் உலகம் உடுத்திய ஆடை பெரும்பாலும் ஊசியும் நூலும் கொண்டு கையால் தைத்ததே. சிறு சட்டைக்கு ஓடுதையலும் பின்தையலும் அறிந்தால் போதும். பக்கங்களைப் பின்தையலால் இணைத்தால் எளிதில் பிரியாது. தையலின் பிசிறு குழந்தையின் உடலில் உறுத்தாதவாறு மடித்துத் தைத்து, முடித்தபின் ஊசிகளை எண்ணிப் பார்த்து, ஆடையைத் துவைத்துக் கொடுத்தல் நலம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டியிடமோ அன்னையிடமோ அமர்ந்து, ஊசியில் நூல் கோக்கவும், கைக்குட்டையின் ஓரம் மடித்துத் தைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளும் கற்கவேண்டிய கலை இது. பெற்றோர்களே! நாள்முழுதும் உழைத்துக் களைத்த கைகளாயினும், வாரம் ஒரு மணிநேரம் பிள்ளைகளோடு அமர்ந்து இதனைக் கற்பியுங்கள். பாட்டிமாரின் கைத்திறன் அவர்களோடு மறைந்துவிடலாகாது. அடுத்த வீட்டில் தொட்டில் கட்டும் நாளில், உங்கள் இல்லத்திலிருந்து ஒரு சிறு சட்டை செல்லட்டும்.