பழைய இஞ்சினுக்குப் புதுப் பெயிண்ட்



குழுக் கடனில் ஃபைபர் படகுக்கு அவுட்போர்டு இஞ்சின் எடுத்த உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறோம். “ஓடுதுல்ல, பெயிண்ட் உரிஞ்சா என்ன?” என்று விட்டுவிடக் கூடாது. இஞ்சினின் உடம்பு அலுமினியம். பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்பு தங்கினால் வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும். கடன் முடியும் முன்னே இஞ்சின் போனால், தவணை மட்டும் நம் தலையில் நிற்கும்.

செய்ய வேண்டியது:

1. நல்ல தண்ணீர், சோப்பு போட்டு உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவிக் காய வையுங்கள்.

2. உரிந்த பெயிண்டையும் வெள்ளைப் பூப்பையும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். பழைய பெயிண்ட் தூசி கெடுதல். மாஸ்க் போடுங்க, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

3. தண்ணீர் போகும் துளைகளை டேப் ஒட்டி மறையுங்கள்.

4. அலுமினியத்துக்கான பிரைமரை முதலில் அடியுங்கள். இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இதில் சரியாக ஒட்டாது.

5. பிரைமர் காய்ந்தபின் பெயிண்டை மெல்லிசா ரெண்டு தடவை அடித்து, டேப்பை எடுத்துவிடுங்கள். செம்பு கலந்த பாசி தடுப்புப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். அது அலுமினியத்தை அரிக்கும்.

இஞ்சினின் அடிப்பக்கத்தில் துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கும். இஞ்சினுக்குப் பதிலாக அரிபடுவதே அதன் வேலை. அதன்மேல் பெயிண்ட் பட்டால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் புதுசு மாற்றுங்கள்.

பழைய இஞ்சின் வாங்கும்போது பளபளப்பை மட்டும் நம்பாதீங்க. கையால் தடவி, பெயிண்ட் பொங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுப்போம்!