சொல்லத் தெரியாத வலி!

ஒரு சிறுவன். தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான். "அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை, அப்படித்தான் செய்வான்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

உண்மை என்ன? அவனுக்குக் காதுவலியாக இருக்கலாம்! பல்வலியாக இருக்கலாம்! சொல்லத்தான் தெரியவில்லை.

அக்காளுக்கும் அதே குறை

இத்தகைய பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவர், யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடியின் தங்கை. அவருடைய அக்காள் ரோஸ்மேரிக்கும் இதே குறை உண்டு.

1962-ல் யூனிஸ் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். 1968-ல் சிகாகோ நகரில் "சிறப்பு ஒலிம்பிக்" பந்தயம் தொடங்கியது. சுமார் 1,000 பேர் கலந்துகொண்டார்கள்.

பந்தயத்துக்கு வந்தவர்களை டாக்டர்கள் பிற்காலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மங்கிய கண், அழுக்கு அடைத்த காது, சொத்தைப் பல்! பலருக்கு இந்தக் கோளாறுகள் இருப்பது அதுவரை தெரியவே தெரியாது. 1997 முதல் பந்தயம் நடக்கும் இடத்திலேயே இலவசப் பரிசோதனை முறையாக நடந்து வருகிறது.

பெற்றோர்களே!

பிள்ளை திடீரென்று முரண்டு பிடிக்கிறதா? சாப்பிட மறுக்கிறதா? காதைப் பிடித்து இழுக்கிறதா? அடிக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு ஒரு தடவை கண், காது, பல் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பேசாத வாயிலும் பல் உண்டு. அந்தப் பல்லுக்கும் வலி உண்டு!