மைதானத்துக்கு வெளியே வீரர் தப்பு செஞ்சா, கோச்சும் பதில் சொல்லணுமா?

ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை பக்கத்திலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரியில் சேரும் ஒரு பையனுக்கு, பாடம் நடத்தும் பேராசிரியரைவிட கோச்தான் நெருக்கம். மேட்ச்சில் யார் இறங்குவது, யாருக்கு 'ஆன் டியூட்டி' வருகைப்பதிவு கிடைப்பது, பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு யார் பெயர் போவது என எல்லாவற்றிலும் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம்.

அதே பையன் ஹாஸ்டலில் ஜூனியரை அடித்தால்? ரயிலில் வேறு கல்லூரி மாணவர்களோடு மோதினால்? ஒரு மாணவிக்குத் தொல்லை கொடுத்தால்? "கிரவுண்டுக்கு வெளியே நடந்தது, நமக்கு சம்பந்தமில்ல" என்று கோச் ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

சுருக்கமான பதில்: வீரர் செய்த குற்றத்துக்காக கோச் ஜெயிலுக்குப் போக மாட்டார். ஆனால், விஷயம் தெரிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் கோச்சை எப்போது தொடும்?

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் பொறுப்பு தனிநபருக்கானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஒருவரைக் குற்றத்துக்கு உடந்தை என்று சொல்ல அவர் தூண்டியிருக்க வேண்டும், சதியில் சேர்ந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். கோச் என்ற பதவி மட்டும் அதற்குப் போதாது.

சம்பவத்துக்குப் பிறகுதான் பலர் மாட்டுகிறார்கள். குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தில் ஆதாரத்தை அழிப்பது பிரிவு 238-ன் கீழ் குற்றம். குற்றம் செய்தவர் என்று தெரிந்தே, தண்டனையிலிருந்து காப்பாற்ற அவருக்கு அடைக்கலம் கொடுப்பது பிரிவு 249-ல் வரும். "குரூப்ல இருக்கிற வீடியோவை எல்லாரும் டெலிட் பண்ணிடுங்க, நீ கொஞ்ச நாள் ஊருக்குப் போயிடு" என்று சொல்லும் கோச், பையனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு தானே வழக்குக்குள் வந்து நிற்பார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் குற்றமா?

சில விஷயங்களில் ஆமாம். அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் ஹாஸ்டலில் கொல்லப்பட்டார். தமிழகத்தையே உலுக்கிய அந்தக் கொலைக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார்.

யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகள் இன்னும் விரிவானவை. விளையாட்டு மைதானம், ஹாஸ்டல், மாணவர்கள் பயணிக்கும் வாகனம் எல்லாமே அதில் அடக்கம். அது கல்லூரிக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்ற வித்தியாசம் கிடையாது. புகாரை அலட்சியப்படுத்தும் ஆசிரியர், ஊழியர் மீது துறைரீதியான விசாரணை நடத்தவும் அதில் இடம் இருக்கிறது. புதிதாக அணிக்கு வந்த ஜூனியரை வைத்து சீனியர்கள் செய்யும் 'வெல்கம்' கூத்துகளும் இதற்குள் வரும்.

பாலியல் தொல்லை புகார்களுக்கு யுஜிசியின் 2015 விதிமுறைகள் உண்டு. அதில் 'வளாகம்' என்றால் காம்பவுண்ட் சுவர் வரை மட்டும் இல்லை. மாணவர் என்ற முறையில் கலந்துகொள்ளும் விளையாட்டுப் போட்டி, முகாம், கல்விச் சுற்றுலா, கல்லூரி ஏற்பாடு செய்யும் வாகனம் எல்லாமே வளாகம்தான். வெளியூர் டோர்னமென்ட்டுக்குப் போன இடத்தில் நடந்தது என்றாலும், கல்லூரியின் உள் புகார் குழு விசாரிக்கலாம். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் வந்துவிடும். முதலாண்டு மாணவர்கள் சிலருக்கு 17 வயதுதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் போலீஸிடம் சொல்லாதவருக்கு, அவர் யாராக இருந்தாலும், 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

பெரிய வீரர்கள் விஷயத்தில் என்ன நடந்தது?

2021 மே மாதம் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் நடந்த தாக்குதலில் இளம் மல்யுத்த வீரர் சாகர் தன்கர் உயிரிழந்தார். கைதானவர் 2008, 2012 ஒலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற சுஷில் குமார். அவர் வேலை பார்த்த வடக்கு ரயில்வே அவரை சஸ்பெண்ட் செய்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்பவம் நடந்தபோது அதே ஸ்டேடியத்தில் சிறப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். அதிகாரமும் நட்சத்திர அந்தஸ்தும் ஒரே ஆளிடம் இருக்கும் இடத்தில், ஒரு ஜூனியர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்?

2019-ல் டிவி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக ஹர்திக் பாண்ட்யாவும் கே.எல். ராகுலும் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட இருவருக்கும் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம். பிசிசிஐக்கு ஒப்பந்தமும் விதிமுறையும் விசாரிக்க ஓம்புட்ஸ்மேனும் இருந்ததால் அது முடிந்தது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை பற்றிப் பேசுகிறது. ஆனால் அது முக்கியமாக தேசிய அளவிலான சங்கங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு கல்லூரி அணியின் அன்றாடப் பொறுப்பு கல்லூரி நிர்வாகத்திடமும் கோச்சிடமும்தான்.

அமெரிக்காவில் கோச் வேலையே போனது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபுட்பால்' என்பது நம்ம ஊர் கால்பந்து இல்லை. கையில் பந்தோடு ஓடும் அவர்களுடைய ஆட்டம். டெக்ஸாஸ் மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் வீரர்கள் மீது பாலியல் வன்முறைப் புகார்கள் எழுந்தன. நிர்வாகம் ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. அணியின் பயிற்சியாளர் தரப்பு சில புகார்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்காமல் தாங்களே கையாண்டது வெளியே வந்தது. 2016 மே மாதம் தலைமை கோச் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென்னத் ஸ்டாரும் பதவியை இழந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2021-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, பாலியல் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக பெய்லரைத் தண்டிக்கத் தங்கள் விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. வேறு விதிமீறல்களுக்காக விதித்த அபராதம் 5,000 டாலர் மட்டுமே. தெளிவான விதி முன்கூட்டியே எழுதப்படவில்லை என்றால், கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் தண்டிக்க வழி இருக்காது.

"பையனோட லைஃப் போயிடும் சார்" என்பது சரியா?

புகாரை அமுக்கும்போது அடிக்கடி கேட்கும் வாதம் இதுதான். அதில் உள்ள பயம் பொய்யில்லை. போலீஸ் வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருப்பதால், பல வீரர்களின் கனவு அந்தக் காக்கிச் சட்டைதான்.

ஆனால் 'காம்ப்ரமைஸ்' அந்தக் கனவைக் காப்பாற்றாது. தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலை ஆனவரும்கூட குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். எதிர்த்தரப்பை மிரட்டியோ கெஞ்சியோ பேச்சை மாற்றவைத்தால், வெரிஃபிகேஷனில் அதே வழக்கு வந்து நிற்கும். முதல் தடவை ஜூனியரைக் கை நீட்டியபோதே இரண்டு மேட்ச் உட்காரவைத்து, பெற்றோரை அழைத்துப் பேசியிருந்தால் வழக்கு வரை போயிருக்காது என்ற நிலைதான் பல இடங்களில்.

இது விளையாட்டு அணிக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் சில நாட்களில் இறந்தார். பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் கைதானார்கள். ஆவடி, அம்பத்தூர் வழியாக சென்ட்ரலுக்குப் போகும் ரயில்களில் 'ரூட்டு தல' மோதல் பல ஆண்டுக் கதை. மாணவர்கள் மதிக்கும் ஒரு பெரியவர் முன்கூட்டியே தலையிட்டாரா என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

அப்போ கோச் என்ன செய்யணும்?

• காதில் விழுந்த அன்றே முதல்வருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாய்மொழி போதாது.

• பாதிக்கப்பட்டவரைத் தனியாக அழைத்து சமாதானம் பேசக் கூடாது. விசாரிப்பது குழுவின் வேலை.

• விசாரணை முடியும் வரை வீரரை அணியிலிருந்து தள்ளி வைக்கலாம். அது தண்டனை இல்லை என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகார் பொய் என்று தெரிந்தால் அவர் இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

• வாட்ஸ்அப் மெசேஜ், வீடியோ எதையும் அழிக்கச் சொல்லக் கூடாது.

• சீசன் தொடங்கும்போதே நடத்தை விதிகளை எழுதி, வீரரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஃபைனலுக்கு முந்தைய நாள் புகார் வந்தாலும் அதே விதிதான்.

கோச்சே கேட்கவில்லை என்றால்?

ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற எண் உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181. உடனடி ஆபத்து என்றால் 112. கல்லூரியின் உள் புகார் குழுவுக்கு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முத்தாபுதுப்பேட்டை போலீஸ் ஸ்டேஷன், 2022 முதல் இயங்கும் ஆவடி கமிஷனரேட்டுக்குக் கீழ் வருகிறது. ஸ்டேஷனில் புகார் கொடுக்க கோச்சின் அனுமதியோ, கல்லூரியின் கடிதமோ தேவையில்லை.