இனிப்பில் மறைந்திருக்கும் ஒவ்வாமை

திருச்சிராப்பள்ளி பாலக்கரைக் கடைகளில் வண்ண உறையிட்டும் உதிரியாகவும் விற்கப்படும் சாக்லேட்டைப் பலரும் விரும்பி உண்பர். சிலருக்கோ அதுவே உடலுக்குப் பகையாகிறது. இதனைச் 'சாக்லேட் ஒவ்வாமை' என்பர். ஆயினும், கொக்கோவினால் ஒவ்வாமை உண்டாவது மிக அரிது. பெரும்பாலும் அதனுடன் சேர்க்கப்படும் பால், நிலக்கடலை, முந்திரி, பாதாம், சோயா முதலியவற்றுள் ஒன்றே காரணமாக இருக்கும்.

காரணமும் அறிகுறிகளும்

'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் உருவாக்கியவர் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையெனக் கருதும் உடல், அதற்கெதிராக 'இம்யூனோகுளோபுலின் இ' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. மீண்டும் அவ்வுணவை உண்ணும்போது ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியன தோன்றலாம். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமையால் வரும் வயிற்று உப்புசம் ஒவ்வாமையன்று.

கண்டறிதல்

உண்டது, உண்ட நேரம், தோன்றிய அறிகுறி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். தோல் குத்துச் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் காரணப்பொருளை அறியத் துணைபுரிகின்றன. ஐயமுள்ள உணவை வீட்டில் உண்டு சோதித்தல் ஆபத்தானது.

சிகிச்சை

இலேசான அரிப்புக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை போதுமானது. மூச்சுத்திணறல், குரல் கம்முதல், மயக்கம் ஆகியன உயிருக்கு ஆபத்தானவை. அந்நிலையில் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி செலுத்துவதே முதன்மைச் சிகிச்சை. மாத்திரை அதற்கு ஈடாகாது. உடனே 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். பாலக்கரையில் இருப்போர்க்குப் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. அறிகுறிகள் தணிந்தபின் மீண்டும் தோன்றக்கூடும். ஆதலால் சில மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருத்தல் இன்றியமையாதது.

உறையைப் படித்தல்

ஒவ்வாமையூட்டும் பொருள்களை உறையில் குறிப்பிடுமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. பச்சைக்குறி சைவ உணவு என்பதை மட்டுமே உணர்த்தும். பாலும் கடலையும் அதில் அடங்கியிருக்கலாம். உறையின்றி விற்கப்படும் இனிப்பின் சேர்மானத்தை அறிய இயலாது. எனவே, ஒவ்வாமை உடையோர் அதனைத் தவிர்த்தல் நலம். பிறந்தநாளில் வகுப்பறையில் வழங்கப்படும் சாக்லேட்டை ஒரு மாணவர் மறுத்தால், அவரை வற்புறுத்தாதிருத்தல் உடன்பயில்வோரின் கடமையாகும்.