தளும்பாத கார்

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகும்போது காரின் பின்பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வையுங்கள். மூடி வேண்டாம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அதுதான் உங்கள் காரின் மார்க். வேடிக்கை இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 1920-களில் செய்த சோதனைகளில் இதுவும் ஒன்று. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒரு மைல் ஓட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு சிந்தியது என்று அளந்தார்கள்.

ஆரம்ப கால ஆடம்பரக் கார்களில் ஆடம்பரமெல்லாம் மேலேதான். தோல் மெத்தை, பித்தளை விளக்கு, திரைச்சீலை எல்லாம் உண்டு. அடியில் இருந்ததோ குதிரைக் கோச்சிலிருந்து வந்த பட்டை ஸ்பிரிங். டயர்கள் குறுகலானவை, காற்றைக் கல்லுபோல் அடைத்திருப்பார்கள். நம் ஊர்ச் சாலைகளிலோ மாட்டுவண்டியின் இரும்புப் பட்டா கிழித்த தடம், நடுவில் லாட ஆணி. பஸ் தொழிலில் இறங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார், பஞ்சருக்குப் பயந்து காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டி ஆணி பொறுக்க வைத்தார் என்று சொல்வார்கள். முதலாளி என்றால் அப்படி யோசிக்க வேண்டும்!

1908-இல் ‘பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்’ என்ற ரோல்ஸ் ராய்ஸ், பம்பாய்–கோலாப்பூர் மலைப்பாதைகளில் 620 மைல் சோதனை ஓட்டத்தை முடித்தது. பிறகு குவாலியர் மகாராஜா அதை வாங்கினார். அன்றைய பெரிய கேள்வி, வண்டி நடுவழியில் நிற்காமல் போய்ச் சேருமா என்பதுதான். உட்கார்ந்திருப்பவர் இடுப்பைப் பற்றிய கவலை பிறகு வந்தது.

1923-இல் ஃபயர்ஸ்டோன் பலூன் டயர் வந்தது. அகலம் அதிகம், காற்று குறைவு. குலுக்கல் தணிந்தது, ஆனால் புது வியாதி ஒன்று தொற்றியது. ஒரே அச்சில் கோத்த முன்சக்கரங்கள் கிடுகிடுவென்று உதற ஆரம்பித்தன.

ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஆலி இங்கேதான் கை வைத்தார். ஏழு பேர் உட்காரும் லிமோசினில் இடம் மாற்றக்கூடிய எடைக்கட்டிகளைப் பொருத்தினார். எடையை முன்னும் பின்னும் நகர்த்துவார், ஸ்பிரிங்கை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். எது சுகம் என்று தீர்ப்புச் சொல்ல மீட்டர் கிடையாது. உட்கார்ந்து வந்தவர்களின் உடம்புதான் சாட்சி.

கிடைத்த விடை பலருக்கும் எதிர்பாராதது: முன் ஸ்பிரிங் பின்னதைவிட இளக்கமாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். முன்பக்கம் விறைப்பாக இருந்தால், அது ஆடி முடிக்கும் நேரத்தில் பின்பக்கம் ஆடத் தொடங்கும்; கார் குதிரைபோல் தலையாட்டும். முன்பக்கம் நிதானமாக ஆடினால், பிந்திப் புறப்பட்ட பின்பக்கம் அதை எட்டிப் பிடித்துவிடும்; வண்டி மட்டமாக ஏறி மட்டமாக இறங்கும். ஆனால் இளக்கமான ஸ்பிரிங்கைப் பழைய அச்சில் மாட்டினால் உதறல் கூடும். ஆகவே கேடிலாக்கின் 1934 மாடல்களில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது.

நம் அம்பாசடரிலும் முன்னால் தனித்தனி டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங். அதிகாரிகளும் மந்திரிகளும் அதை லேசில் விடாததற்குக் காரணம் பல. ஒன்று நிச்சயம்: அந்தக் காரை மெச்சியவர்களில் பெரும்பாலோர் பின்சீட்டுக்காரர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.