கர்ப்பப்பையை எந்த வழியாக எடுப்பது?

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், விருத்தாசலம் பக்கத்து மங்கலம்பேட்டை வீடுகளில் அடுத்து எழும் கேள்வி 'ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா?' என்பதுதான். தழும்பு சிறிதென்றால் ஆபத்தும் சிறிது என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை முழுக்கச் சரியல்ல. அந்தக் கேள்வியில் மூன்றாவது வழியும் விடுபட்டுப் போகிறது. வயிற்றில் கத்தியே படாமல் யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுக்க முடியும். 47 ஆய்வுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை அலசிய காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, புற்றுநோய் அல்லாத நோய்களுக்கு, இயலும் இடத்திலெல்லாம் இந்த வழியையே முதலில் பரிந்துரைத்தது.

வயிற்றைத் திறப்பதோடு ஒப்பிட்டால், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் நன்மை உண்டு. காயத்தில் சீழ் வைப்பது குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சீக்கிரம். முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் சிறுநீர்ப்பையோ சிறுநீர்க்குழாயோ காயப்படுவது இதில் அதிகம் என்று அதே தொகுப்பு காட்டியது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடியிலேயே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. கருவியின் சூடு பட்டால் சேதம் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் பெரிய சிக்கல்கள் லேப்ராஸ்கோப்பியில் 11.1 சதவீதம், வயிற்றைத் திறந்ததில் 6.2 சதவீதம். அது பழைய கணக்கு, இன்று கருவியும் பயிற்சியும் மேம்பட்டுவிட்டன என்பார்கள். நியாயம்தான். அப்படியென்றால் ஆபத்தைக் குறைப்பது முறையின் பெயரல்ல, செய்கிறவரின் கைப்பழக்கம். இந்த ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கர்ப்பப்பை இறங்கியிருந்தால்தான் யோனி வழி சரிப்படும், சிசேரியன் ஆனவருக்கு ஆகாது என்ற மறுப்பும் உண்டு. பழகிய மருத்துவர்கள் இறக்கம் இல்லாதவர்களுக்கும் இப்படிச் செய்கிறார்கள். பழைய சிசேரியன் மட்டுமே தடையாகாது. மிகப் பெரிய நார்க்கட்டி, உறுப்புகள் ஒட்டிக்கொண்ட வயிறு, சூலகத்தில் சந்தேகக் கட்டி என்றால் வேறு வழிதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையிலோ வயிற்றைத் திறப்பதே மேல்: 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், சிறு துளை முறையில் 86 சதவீதம். ஆகவே ஸ்கேனும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் முடிவதற்குள் வழியைத் தீர்மானிக்கக் கூடாது. விருத்தாசலத்தில் கேட்ட பதிலில் ஐயமிருந்தால், அந்த ரிப்போர்ட்டுகளோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய், 'யோனி வழியாக ஏன் முடியாது?' என்று இன்னொருவரிடமும் கேட்கலாம்.